லூயிஸ்ஹெய்ம் சங்கம்

அராபா பெஞ்சில் உட்கார்ந்ததுதான் தாமதம், ஏற்கெனவே அதில் உட்கார்ந்திருந்த மனிதர் சடக்கென்று எழுந்துவிட்டார்.

கறுப்புக் கோட்டு, உயரமான கறுப்புத் தொப்பி, அறுபது வயது இருக்கும். வாயைத் திறந்தார். மூடினார். அவளைப் பார்த்தபடியே நான்கடி பின்னால் நடந்தார். அவள் வாடகைக்குத் தங்கியிருந்த வீட்டு முற்றத்துச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகர்ந்து, தெருவாசலைத் தாண்டி மறைந்தார்.

“போய்யா,” என்றாள் அராபா.

அவளுக்கு இது புதிதில்லை. லண்டனில், லூயிஷெம் பணிமனையில் இருபத்தாறு வருடமாக மாடிப் பேருந்து ஓட்டுகிறாள். வண்டி பிதுங்கும்போதும் கறுப்பு ஆள் ஒருவரின் பக்கத்து இருக்கை மட்டும் கடைசிவரை காலியாகப் போவதைக் கண்ணாடியில் தினமும் பார்க்கிறவள். பார்த்துப் பார்த்து அவள் கற்றுக்கொண்டது ஒன்றுதான். எழுந்து போகிறவன் விட்ட இடத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

எடுத்துக்கொண்டாள். கல் இருக்கை, சாய்ந்துகொள்ள மூன்று மரச்சட்டங்கள். பெஞ்சின் நட்டநடுவில் நகர்ந்து, கையைக் கட்டி, தோளை அழுத்திச் சாய்ந்து, பத்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்தாள். முதுகில் ஜில்லென்று ஈரம் ஏறியது. ஓயாமல் மழை பெய்யும் பெர்கன் நகரத்தில் ஏறாத ஈரமா? ஏறட்டும்.

செல்பேசி அடித்தது. வெண்டெல். அதே பணிமனை. அறுபத்திரண்டு வயது, ஜமைக்காவில் பிறந்தவன், இரண்டு முட்டியும் போனவன்.

“என்ன அம்மணி, எத்தனை?”

“ரெண்டு. மூணு நாள்ல ரெண்டே பேரு. மீன் விக்கிறவ ஒருத்தி, லிஃப்ட்ல ஒரு கெழவரு. லூயிஷெம்னேன். சரின்னு போயிட்டாங்க.”

“இன்னிக்கு ஒரு நாள் பாக்கி இருக்கு.”

“எட்டு மணிக்கு ஃப்ளைட்டு. அதுக்குள்ள என்ன குடி முழுகிடப் போவுது? நீ ஸ்வெட்டர் எடுத்து வச்சுக்கோ. டிசம்பர் முப்பத்தொண்ணு குளிரும்.”

பந்தயம் இதுதான். நான்கு நாளில் யார் ‘எந்த ஊர்?’ என்று கேட்டாலும் அராபா ஒரே ஊரைத்தான் சொல்ல வேண்டும். லூயிஷெம். பிறந்தது அங்கே, படித்தது அங்கே, வண்டி ஓட்டுவது அங்கே. ‘அது இருக்கட்டும், அதுக்கு முன்னாடி?’ என்று எவன் தோண்டினாலும், அம்மா கானாவில் கேப் கோஸ்ட்டிலிருந்து வந்தவள் என்ற கதை வெளியே வரக் கூடாது. வந்துவிட்டால் வருடப் பிறப்பு இரவு வண்டி அவளுடையது. விடிய விடிய வாந்தி, பாட்டு, அடிதடி. வராவிட்டால் வெண்டெலுடையது.

“நீ சொல்லிடுவே,” என்றிருந்தான் வெண்டெல், பந்தயம் கட்டிய அன்று. “நானும் சொல்லிடறேன். கேட்டா போதும், பாட்டன் பூட்டன் வரைக்கும் ஒப்பிக்கிறோம். வாய் பழகிப்போச்சு அம்மணி.”

அவளுக்கு உறைத்தது இரவு வண்டி இல்லை. ‘வாய் பழகிப்போச்சு’ என்ற அந்த வார்த்தைதான். அதற்காகத்தான் விடுப்பு போட்டு, ஒரு தெரிந்த முகம்கூட இல்லாத ஊராகத் தேடி வந்திருந்தாள்.

செல்பேசியைப் பையில் போட்டுவிட்டு எழுந்தாள். அன்று மே பதினேழு, நாட்டின் திருநாள். ‘இருக்கறதுலயே நல்ல உடையாப் போட்டுக்கங்க, சாதா உடுப்புல ஒருத்தரும் தெருவுக்கு வரமாட்டாங்க’ என்று வீட்டுக்காரி சொல்லியிருந்தாள். அதனால் மூத்த மகன் கல்யாணத்துக்குத் தைத்த கடுகு மஞ்சள் அங்கியையும், அதே துணியில் தலைக்கட்டையும் போட்டிருந்தாள். குளிர்தான். ஆனால் மேலே கோட்டைப் போட்டு மூடுவதற்கா அவ்வளவு கூலி கொடுத்துத் தைத்தது?

ஊர் பளபளவென்று இருந்தது. துடைத்த ஜன்னல், வெட்டிய புல், புதுப் பெயின்ட், கஞ்சி போட்ட கொடி. மழைகூட இல்லை. தெருவெல்லாம் பெண்கள் ஊர் உடையில் போனார்கள். கறுப்புப் பாவாடை, சிவப்புச் சட்டை, மார்பில் கிலுகிலுக்கும் வெள்ளி. ஒவ்வொரு பள்ளத்தாக்குக்கும் ஒரு உடை. நூல் நிறத்தைப் பார்த்தே ஆற்றுக்கு இந்தக் கரையா அந்தக் கரையா என்று சொல்லிவிடுவார்கள். சொல்ல முடியாவிட்டால் கேட்பார்கள். அன்று ஒருநாள் உடையைப் பார்த்து ஊரைக் கேட்பது மரியாதை. கேட்காவிட்டால்தான் வருத்தம்.

இது அராபாவுக்குத் தெரியாது.

முதல் தெருமுனையிலேயே பின்னாலிருந்து ஒரு பெண் வேகமாக வந்து முன்னால் நின்றாள். பக்கத்தில் கணவன்.

“மன்னிக்கணும். ரொம்ப அழகா இருக்கு. எந்த ஊருங்க?”

“லூயிஷெம்,” என்றாள் அராபா. மூன்று.

“லூயிஸ்ஹெய்ம்?”

“லூயிஷெம்.”

“ஓ... லூயிஸ்ஹெய்ம்!” அந்த நாட்டில் பாதி ஊர்களின் பெயர் ‘ஹெய்ம்’ என்றுதான் முடியும். அந்தப் பெண் கணவன் பக்கம் திரும்பினாள். “அது எங்க இருக்கு?” என்று தங்கள் மொழியில் முணுமுணுத்தாள்.

கணவனுக்குத் தெரியாது. ஆனால் அவன் அந்த நாட்டின் மேற்குக் கடற்கரையில் பிறந்தவன். மேற்குக் கரையில் தனக்குத் தெரியாத ஊர் ஒன்று இருப்பதாக ஒப்புக்கொள்வதைவிடக் கடலில் குதிப்பான்.

“வோஸுக்கு மேல,” என்றான். “பாலம் தாண்டி இடதுகைப் பக்கம்.”

அடுத்த கால் மணியில் ஏழு பேர் கேட்டார்கள். எல்லாரும் பின்னாலிருந்தே வந்தார்கள். நடப்பார்கள், தயங்குவார்கள், செருமுவார்கள், பிறகு கேட்பார்கள். எண்ணிக்கை பத்தானபோது அராபாவின் தாடை இறுகிவிட்டது. பதிலை இன்னும் கெட்டியாகச் சொன்னால் அடங்குவார்கள் என்று முடிவு செய்தாள்.

“லூயிஷெம். பொறந்ததே அங்கதான். ஆஸ்பத்திரி பேரே லூயிஷெம் ஆஸ்பத்திரிதான். போதுமா?”

கேட்ட கிழவி பயபக்தியோடு தலையாட்டிவிட்டுத் தங்கச்சியிடம் ஓடினாள். “அங்க தனி ஆஸ்பத்திரியே இருக்காம்டி! நம்ம ஊர்ல இருந்ததை மூடிட்டானுங்க.”

பின்னாலிருந்துதானே வருகிறார்கள், முன்னால் போய் நின்றுவிட்டால்? ஊர்வலம் வரும் தெருவில், கூட்டத்தைப் பிளந்துகொண்டு கயிற்றோரம் முதல் வரிசைக்குப் போனாள். அங்கே போனபிறகு அவளுக்குப் பின்னால் இருநூறு பேர். இருநூறு பேரும் அவள் முதுகைத்தான் பார்க்க முடியும்.

பதினான்கு, பதினைந்து, பத்தொன்பது.

இருபதாவதாக வந்தவள் கேள்வியோடு வரவில்லை. கை நீட்டி அராபாவின் கறுப்புக் கண்ணாடியைக் காட்டினாள்.

“அதைக் கழட்டும்மா.”

குன்வோர் அவள் பெயர். எழுபது வயது. ஊர் உடை விஷயத்தில் போலீஸ் வேலையைத் தானாக எடுத்துக்கொண்டவர்கள் அங்கே தெருவுக்கு ஒருத்தி உண்டு. சம்பளம் கிடையாது, விடுப்பும் கிடையாது.

“எதுக்குக் கழட்டணும்?”

“இந்த மாதிரி உடைக்குக் கூலிங்கிளாஸ் ஆகாது.”

“உங்களுக்கென்ன வந்தது?”

“எனக்கென்ன? உடைக்குத்தான் மானம் போவுது. அங்க பாரு, அந்தப் பொண்ணு. பெரிய வளையமா மாட்டிட்டு வந்திருந்தா. காதைப் பிடிச்சுக் கழட்ட வச்சேன்.”

அராபா பார்த்தாள். பொன்னிறத் தலைமுடிக்காரி ஒருத்தி வெறும் காதோடு அழாக்குறையாக நின்றிருந்தாள். பாரபட்சம் இல்லாத திட்டு அராபாவின் வாழ்க்கையில் அரிதாகத்தான் கிடைத்திருக்கிறது. கண்ணாடியைக் கழற்றினாள்.

குன்வோர் அவளுக்குப் பின்னால் போய் நின்று நிதானமாகப் பார்த்துவிட்டு வந்தாள். மூன்று விரலைக் காட்டினாள்.

“மூணா?”

தன் முகத்தில் மூன்று பிள்ளை பெற்ற களைப்பு அவ்வளவு அப்பட்டமாகவா தெரிகிறது என்று அராபாவுக்கு இருந்தது. “ஆமா. மூணு.”

“ஒரே மாதிரியா?”

“அப்பிடித்தான். மூத்தது மட்டும் கொஞ்சம் அகலம்.”

“அதான் பாத்தேன். மேல இருக்கறது அகலம்.”

“அவன் மேல்வீட்ல இருக்கறது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

அதற்குள் பித்தளை வாத்தியங்கள் முழங்கிவிட்டன. குன்வோர் வாயசைத்த பதில் கேட்கவில்லை.

வாத்தியக் கோஷ்டிக்குப் பின்னால், பள்ளத்தாக்குகளிலிருந்து நகரத்துக்குப் பிழைக்க வந்தவர்களின் ஊர்ச் சங்கங்கள் வரும். வோஸ்காரர்கள், ஹர்டாங்கர்காரர்கள் என்று ஒவ்வொரு கூட்டமும் தன் உடையில். அவர்களை வரிசைப்படுத்தும் ஸ்டெய்னார் என்ற ஒல்லி மனிதர் கையில் பட்டியலோடு ஓடிக்கொண்டிருந்தார். குன்வோர் அவரைக் கொத்தாகப் பிடித்து நிறுத்தினாள்.

“லூயிஸ்ஹெய்ம்காரங்கள ஏன்யா கயித்துக்கு இந்தப் பக்கம் நிக்க வச்சிருக்க?”

ஸ்டெய்னார் பட்டியலைப் புரட்டினார். இல்லை. மறுபடி புரட்டினார். போன வருடம் ஒரு பள்ளத்தாக்கை விட்டுவிட்டார். ஏழு வாரம் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்கள். அந்தப் பள்ளத்தாக்கில் பிறந்த பல் டாக்டர்கூட அவரைக் காக்க வைத்தார். அவர் பேனாவை எடுத்தார். கடைசியில் ஒரு வரி சேர்த்தார். அராபாவின் முழங்கையைத் தொட்டார்.

“வாங்க வாங்க. உங்க இடம் இங்க இருக்கு.”

இருபத்தாறு வருடத்தில் இந்த வாக்கியத்தை அவளிடம் யாரும் சொன்னதில்லை. நன்றாகப் பார்க்கும்படி ஓர் இடம் தருகிறார் என்று நினைத்துக் கயிற்றின் கீழ் குனிந்து போனாள். நிமிர்ந்தபோது நடுத்தெருவில் இருந்தாள். முன்னால் ஹர்டாங்கர் சங்கம், பின்னால் தீயணைப்புப் படை. எல்லாரும் நடந்துகொண்டிருந்தார்கள்.

திரும்பியிருக்கலாம். ஆனால் தடத்தில் ஏறிய வண்டி நடுவழியில் நிற்காது. அராபா நடந்தாள்.

தேவாலயத் திருப்பத்தில் ஒலிபெருக்கி கரகரத்தது. “அடுத்து வருவது... லூயிஸ்ஹெய்ம் சங்கம்!”

கூட்டம் கொடியை ஆட்டியது. “ஹுர்ரா! ஹுர்ரா!”

லூயிஷெம்முக்கு லூயிஷெம்மிலேயே யாரும் கைதட்டியது கிடையாது. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும் கையை ஆட்டினாள். முதலில் சிறிதாக. பிறகு பேருந்து நிறுத்தத்தில் ஓடி வருகிறவனுக்குக் காட்டுகிற மாதிரிப் பெரிதாக.

அப்போதுதான் அந்த உயரத் தொப்பியைப் பார்த்தாள். தேவாலயச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார். அவளையே பார்த்தார். வாய் திறந்தது, மூடியது. அடுத்த திருப்பத்தில் மருந்துக்கடைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றார். அதற்கடுத்து ஒரு மரம். கூட்டம் நகர நகர மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். முதுகு மட்டும் மரத்தைவிட்டு விலகவில்லை.

பக்கத்தில் உட்காரப் பிடிக்காதவனுக்குப் பின்னாலேயே வரப் பிடிக்கிறதா? இரு, உன்னைப் பார்த்துக்கொள்கிறேன்.

ஊர்வலம் மீன் சந்தையருகே கலைந்தது. சாஸேஜ் விற்றார்கள், காபி விற்றார்கள். அராபா நின்றபடி இரண்டு சாஸேஜ் தின்றாள். அதற்குள் முப்பத்தொன்பது பேர் ஆகிவிட்டது. குன்வோர் விட்டுப் போவதாயில்லை. லூயிஸ்ஹெய்ம் எங்கே என்று வருகிறவர்களுக்கெல்லாம் அவளே வழி சொல்லிக்கொண்டிருந்தாள். பாலம் இப்போது இரண்டாகியிருந்தது.

நாற்பதாவது ஆள் முன்னாலிருந்து வந்தான். முதுகுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. விலையுயர்ந்த கோட்டு, கையில் ஒயின் கோப்பை. முகத்தைப் பார்த்தான், தலைக்கட்டைப் பார்த்தான், மறுபடி முகத்தைப் பார்த்தான்.

“எந்த ஊரு?”

“லூயிஷெம்.”

அவன் சிரித்தான். “அது சரி. அதுக்கு முன்னாடி?”

இந்தக் கேள்வி அவளுக்குத் தெரியும். இதன் மூக்கு, முழி, நடை எல்லாம் தெரியும். பழகிப்போன வாய். நாக்கு மேலண்ணத்தைத் தொட்டுவிட்டது. ‘எங்கம்மா’ என்பதற்கான மூச்சுகூட எடுத்தாயிற்று.

“முன்னாடின்னா?” என்றாள் குன்வோர்.

“இல்ல, உண்மையில எந்த ஊருன்னு...”

“அவதான் லூயிஸ்ஹெய்ம்னு சொல்றாளே! காது அவிஞ்சு போச்சா? வோஸ்காரன்கிட்டப் போய் வோஸுக்கு முன்னாடி எங்க இருந்தேன்னு கேப்பியா? பொறந்த ஆஸ்பத்திரி பேரு முதக்கொண்டு சொல்லியாச்சு. நீ எந்த ஊருய்யா?”

“ஓஸ்லோ,” என்றான் அவன், தலைநகரத்துத் தோரணையோடு.

“அதான் பாத்தேன்,” என்றாள் குன்வோர்.

சுற்றி நின்றவர்கள் வெடித்துச் சிரித்தார்கள். தீயணைப்புப் படைக்காரன் ஒருவன், “லூயிஸ்ஹெய்ம் பேரைச் சொல்லி எங்க தாத்தா ஆணையிடுவாரு,” என்று அளந்தான். ஓஸ்லோக்காரன் கோப்பையோடு கழன்றுகொண்டான்.

இந்த உலகத்தில் கருணை என்பது பெரும்பாலும் தகவல் பிழைதான். அதற்காக அதை வேண்டாம் என்று சொல்ல முடியாது. அராபா மூன்றாவது சாஸேஜ் வாங்கி குன்வோரிடம் கொடுத்தாள். குன்வோர் அதை வாங்கிக்கொண்டு, “தலைக்கட்டு கொஞ்சம் கோணலா இருக்கு,” என்றாள்.

ஐந்து மணிக்குப் பெட்டியை எடுக்க வீட்டுக்குத் திரும்பினாள். வழியில் இன்னொருத்தி கேட்டாள். நாற்பத்தொன்று. முற்றத்து வாசலில் நுழையும்போது செல்பேசி அடித்தது.

“எத்தனை அம்மணி?”

“நாப்பத்தொண்ணு. ஒரு வார்த்தை சொல்லல. ஸ்வெட்டர் எடுத்து வச்சியா?”

“நாப்பத்தொண்ணா? ஊரா அது, போலீஸ் ஸ்டேஷனா?”

அராபா வாசலிலேயே நின்றுவிட்டாள். அந்தக் காலை நேரத்துப் பெஞ்சுக்குப் பக்கத்தில், சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, உயரத் தொப்பிக்காரர் நின்றுகொண்டிருந்தார். தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தார்.

காலையிலிருந்து அடக்கியது எல்லாம் ஒன்றாகத் திரண்டு வந்தது. நேராகப் போய் அவருக்கு முன்னால் நின்றாள்.

“உங்களுக்கு என்ன வேணும்? நான் வந்து உக்காந்தா எந்திரிச்சு ஓடுறீங்க. அப்புறம் நாள் முழுக்கப் பின்னாலயே வர்றீங்க. மூஞ்சியைப் பாக்கறீங்க, வாயைப் பொளக்கறீங்க. கேக்கணும்னா கேட்டுத் தொலைங்களேன்!”

“நான்... வந்து...” என்றார் அவர். காதுவரை சிவந்துவிட்டார்.

“நாப்பத்தொண்ணு பேரு கேட்டாச்சு. நீங்கதான் பாக்கி. கேளுங்க, எந்த ஊருன்னு கேளுங்க!”

செல்பேசிக்குள் வெண்டெல் கூவினான். “சொல்லிடு அம்மணி! அவரு பாவம், சொல்லிடு! அம்மா பேரைச் சொல்லு, தாத்தா பேரைச் சொல்லு!”

“நான் கேக்க வரல,” என்றார் தொப்பிக்காரர். “சொல்ல வந்தேன்.”

“என்ன சொல்லப் போறீங்க? இது உங்க பெஞ்சுன்னா? இங்க உக்காரக் கூடாதுன்னா? நான் யாரு தெரியுமா? எங்கம்மா...”

“ஆமா, உங்கம்மா!” என்றான் வெண்டெல், லண்டனிலிருந்து.

அராபா பல்லைக் கடித்தாள். மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்தாள். இருபத்தாறு வருடப் பழக்கம் தொண்டைவரை வந்து நின்றது. அதை அப்படியே விழுங்கினாள்.

“லூயிஷெம்,” என்றாள். “அவ்வளவுதான். நான் லூயிஷெம்.”

செல்பேசியில் ஒரு கெட்ட வார்த்தை கேட்டது.

தொப்பிக்காரர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். அன்று முதல்முறையாகச் சுவரைவிட்டு விலகி, மெல்லத் திரும்பி நின்று, தன் முதுகைக் காட்டினார். கறுப்புக் கோட்டில், தோளிலிருந்து இடுப்புவரை, சட்டம் சட்டமாக மூன்று பச்சைப் பட்டைகள். மேலே இருந்தது கொஞ்சம் அகலம்.

“நேத்து சாயங்காலம் நான்தாங்க இந்த பெஞ்சுக்குப் பெயின்ட் அடிச்சேன், காஞ்சிருச்சான்னு காலையில சாஞ்சு பாத்தேன், உங்ககிட்ட உடனே சொல்லியிருப்பேன், முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்ட எப்பிடிப் பேச்சை ஆரம்பிக்கிறதுன்னு தெரியாம முழிச்சதுல, சுவத்தோட ஒட்டி ஒட்டி மறைச்சும் இப்ப ஊரே என் முதுகைப் பாத்துட்டு நீங்களும் லூயிஸ்ஹெய்மான்னு கேக்குதுங்க!”